வயிற்றில் டியூப் வைத்த முதல் மாதம்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

"ஏனுங் சிஸ்டர், அய்யனுக்கு டியூப்பைச் சுத்தி ஈரமாவே இருக்குதுங். கஞ்சி ஊத்தலாமுங்களா, வேண்டாமுங்களா?"

இப்படி ஒரு போன் வராத வாரமே எனக்கு இல்லை. பெரும்பாலும் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு வரும். டிஸ்சார்ஜ் ஆகி இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ இருக்கும். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்ததில் பாதி அந்தப் பதற்றத்தில் மறந்துபோயிருக்கும். மருமகள் கையில் சிரிஞ்சு, மகன் காதில் போன், கட்டிலில் பெரியவர்.

கோயம்புத்தூரில் பல வருடம் வார்டில் வேலை பார்த்தேன். இப்போது கோபி, பெருந்துறை, காங்கேயம் பக்கம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறேன். பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போனவர்கள், வாய்ப் புற்றுநோய்க்காரர்கள், பைக்கில் விழுந்து தலையில் அடிபட்ட பையன்கள் என்று வயிற்றில் டியூப் வைத்தவர்கள் இதில் நிறைய. அந்த வீட்டாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நோயாளிக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்பைத் தேடிப் படியுங்கள். ஆனால் முதலில் வரும் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லாரும் படித்துவிட வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது

பெக் டியூப் என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். 1979ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் காடரர், பொன்ஸ்கி என்ற இரண்டு மருத்துவர்கள் முதன்முதலாக இதைச் செய்தார்கள். வயிற்றைக் கிழித்து ஆபரேஷன் செய்யாமல், எண்டோஸ்கோப்பி வழியாகப் பார்த்துக்கொண்டே வயிற்றுச் சுவரில் ஒரு சின்னத் துளை போட்டு டியூபை வெளியே எடுக்கிற முறை. பெரியவர்களுக்கு வைக்கிற டியூப் பெரும்பாலும் 20 அல்லது 24 பிரெஞ்சு அளவு. 24 பிரெஞ்சு என்றால் 8 மில்லிமீட்டர் தடிமன்.

இரைப்பைக்குள் டியூபின் நுனியில் ஒரு ரப்பர்த் தொப்பியோ நீர் நிரப்பிய பலூனோ இருக்கும். வெளியே தோலின் மேல் ஒரு வட்டத் தட்டு இருக்கும். உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் சேர்ந்து இரைப்பையையும் வயிற்றுச் சுவரையும் ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலான டியூப்களில் அங்கே தையல் எதுவும் கிடையாது. இதைத்தான் வீட்டில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டியிருப்பவர்களுக்கு இது உடனே புரியும். தாய்ச்செடியையும் ஒட்டுக்குச்சியையும் சேர்த்து வைத்துக் கட்டுகிறோம். கட்டு தளர்ந்தால் ஒட்டு பிடிக்காது. இறுக்கிக் கட்டினால் பட்டை வெந்து அழுகிவிடும். பிடிக்கிற வரைக்கும் யாரும் ஆட்டிப் பார்க்கக் கூடாது. வயிற்றில் நடப்பதும் அதுதான். ஏழு முதல் பத்து நாளில் இரைப்பை சுவரோடு ஒட்டத் தொடங்கும். நன்றாகப் பிடிக்க நான்கு வாரம் வரை ஆகலாம். சர்க்கரை உள்ளவர்கள், மெலிந்து போனவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், வயிற்றில் நீர் கோத்தவர்கள் இவர்களுக்கு இன்னும் தாமதம். அதுவரை அது துளைதான், பாதை ஆகவில்லை. டியூப் நழுவினால் பாலும் மருந்தும் இரைப்பைக்குப் போகாமல் வயிற்றறைக்குள் கொட்டிவிடும்.

அதனால் இந்த முதல் மாதத்துக்கு நான் எல்லா வீட்டிலும் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் எதையும் உள்ளே தள்ளாதீர்கள். ஒரு வேளை கஞ்சி தள்ளிப்போவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது (இன்சுலின் போடுபவர்களுக்கு மட்டும் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்). சந்தேகத்தோடு ஊற்றிய 200 மில்லி கஞ்சி ஒரு ஆளை ஐசியுவில் படுக்க வைத்துவிடும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன்

ஒரு தாளில் எழுதி, தினசரி காலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். டியூப் வைத்த தேதி. அதன் அளவு. உள்ளே இருப்பது ரப்பர்த் தொப்பியா, பலூனா. தோல் மட்டத்தில் டியூபில் எந்த எண் தெரிகிறது (டியூப் மேல் சென்டிமீட்டர் கோடுகள் இருக்கும்; 3, 4 என்று ஏதோ ஒன்று தோலுக்கு நேராக இருக்கும்). இரவில் கூப்பிட வேண்டிய எண். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அதை எந்தத் தேதியில் மறுபடி தொடங்க வேண்டும் என்பது.

கடைசியாகச் சொன்னது முக்கியம். குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றை டியூப் வைப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வது உண்டு. ஆஸ்பிரினைப் பல நேரம் நிறுத்துவதில்லை. நிறுத்தியதை மறுபடி தொடங்காமல் விட்டு, ஸ்டென்ட் வைத்தவருக்கு நெஞ்சுவலி வந்து ஓடிய குடும்பங்கள் உண்டு. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம். தேதியை எழுதி வாங்குங்கள்.

தோல் மட்டத்தில் டியூபில் தெரிகிற அந்த எண்ணைத் தினமும் காலையில் ஒரு தடவை பாருங்கள். ஐந்து விநாடி வேலை. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு அந்த எண்தான் பதில் சொல்லும்.

"வயிறு வலிக்குதுங்கறாரு"

துளை போட்ட இடத்தில் முதல் இரண்டு மூன்று நாள் லேசான வலி இருக்கத்தான் செய்யும். இருமினால், திரும்பிப் படுத்தால் சுருக்கென்று குத்தும். டாக்டர் எழுதிய பாராசிட்டமால் மருந்துக்கு அது அடங்க வேண்டும்.

அடங்காத வலி வேறு. உணவு ஊற்றும்போதோ தண்ணீர் விடும்போதோ வலி வந்தால் அதுவும் வேறு. இங்கிலாந்தில் நோயாளிப் பாதுகாப்புக்கான தேசிய அமைப்பு 2010ல் இதற்கென்றே ஒரு அவசர எச்சரிக்கை வெளியிட்டது. டியூப் வைத்த முதல் 72 மணி நேரத்தில் ஊற்றும்போது வலி, நீடித்த அல்லது கடுமையான வலி, புது ரத்தம், டியூபைச் சுற்றி இரைப்பை நீர் கசிவது, இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் உணவையும் மருந்தையும் உடனே நிறுத்திவிட்டு மூத்த மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நான் பார்த்த வரையில் இதைவிட உபயோகமான விதி வேறு இல்லை. வீட்டுக்கும் அப்படியே பொருந்தும். நிறுத்துங்கள், டியூபை மூடுங்கள், கூப்பிடுங்கள்.

வயிறு பலகை மாதிரி விறைத்திருக்கிறது, தொட்டாலே முகம் சுளிக்கிறார், காய்ச்சல், நாடித்துடிப்பு வேகம், இப்படி இருந்தால் போனில் பேசிக்கொண்டு நேரம் கடத்த வேண்டாம். 108ஐக் கூப்பிட்டுக் கிளம்புங்கள். பேச முடியாத நோயாளிகளிடம் வலியை முகத்தில்தான் படிக்க வேண்டும். புருவம் சுருங்குவது, கை வயிற்றுக்குப் போவது, சும்மாவே முனகுவது எல்லாம் பேச்சுதான்.

ஒரு ஆறுதலும் சொல்கிறேன். டியூப் வைத்த பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் "வயிற்றறைக்குள் காற்று இருக்கிறது" என்று ரிப்போர்ட் வந்தால் சில குடும்பங்கள் மிரண்டுவிடுகிறார்கள். துளை போடும்போது கொஞ்சம் காற்று கசிவது சகஜம். வலியும் காய்ச்சலும் இல்லாமல் வயிறு மெத்தென்று இருந்தால் அந்தக் காற்று தானாகவே போய்விடும். டாக்டர் அதைப் பார்த்துவிட்டார் என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

"ரத்தம் வருதுங்"

முதல் நாள் காஸ் துணியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ரத்தக் கறை இருந்தால் பயமில்லை. துணி நனைந்து மறுபடி மறுபடி ஊறினால், சுத்தமான காஸை மடித்து டியூபைச் சுற்றி அழுத்திப் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். அங்கே வெளித்தட்டைக் கொஞ்ச நேரம் இறுக்கி வைத்து நிறுத்துவார்கள். அதை வீட்டில் நீங்கள் செய்யாதீர்கள். எவ்வளவு நேரம் இறுக்கலாம், எப்போது தளர்த்த வேண்டும் என்பது கணக்குப் பார்த்துச் செய்கிற வேலை.

டியூப் வழியாகக் காபித்தூள் கலந்த மாதிரி நீர் வருவதும், மலம் தார் போலக் கறுத்து நாறுவதும் உள்ளே ரத்தம் கசிவதற்கு அடையாளம். இரும்புச்சத்து மருந்து கொடுத்தாலும் மலம் கறுக்கும். ஆனால் இரும்புச்சத்துதான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

"டியூப்பைச் சுத்திக் கசியுதுங்"

முதல் 72 மணி நேரத்துக்குள் என்றால் மேலே சொன்ன விதிதான்: நிறுத்து, கூப்பிடு.

அதற்குப் பிறகு கசிந்தால் கையில் முதலில் எடுக்க வேண்டியது அந்தத் தாள். எண் மாறியிருக்கிறதா? 4 இருந்த இடத்தில் 2 தெரிந்தால் டியூப் வெளியே வந்திருக்கிறது. உணவை நிறுத்துங்கள். எண் சரியாக இருந்தால் வெளித்தட்டைப் பாருங்கள். முதல் ஒன்றிரண்டு நாள் தட்டைச் சற்று நெருக்கமாக வைத்து, பிறகு தோலுக்கும் தட்டுக்கும் நடுவில் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத் தளர்த்துவது வழக்கம். அந்தத் தளர்த்தலை ஆஸ்பத்திரியில் செய்துவிட்டார்களா என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேளுங்கள். கூட்டம் அதிகம் இருக்கிற நாளில் விட்டுப்போகும். ஒரு தடவை எங்கள் வார்டிலேயே அப்படி விட்டுப்போய், பத்தாம் நாள் அந்தத் தட்டின் அச்சு தோலில் புண்ணாகப் பதிந்து வந்தார் ஒரு அம்மா. அன்றிலிருந்து நான் விரல் வைத்துப் பார்க்காமல் ஒருவரையும் அனுப்பியதில்லை.

கசிவைக் கண்டதும் எல்லாருக்கும் வருகிற முதல் யோசனை தட்டை இறுக்குவது. அதுதான் தப்பு. இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து தோலும் உள்ளே இரைப்பைச் சுவரும் வெந்து, துளை பெரிதாகி, கசிவு இன்னும் கூடும். தட்டுக்கு அடியில் பஞ்சை மடித்து மடித்து வைப்பதும் இறுக்குவதற்குச் சமம். மெல்லிய காஸ் ஒன்று போதும். "பெரிய டியூபா மாத்திடலாமா" என்றும் கேட்பார்கள். அதுவும் துளையை விரிக்கத்தான் செய்யும்.

வேறு எங்கே பார்ப்பது? மலச்சிக்கல் இருக்கிறதா? நான்கு நாள் போகவில்லை என்றால் வயிற்றில் அழுத்தம் ஏறி மேலே கசியும். விடாத இருமலா? ஊற்றும் வேகம் அதிகமா? படுக்க வைத்து ஊற்றுகிறீர்களா? இந்த நான்கில் ஒன்றைச் சரிசெய்தாலே பல வீடுகளில் நின்றுவிடுகிறது. நிற்கும் வரை தோலை உலர்வாக வைத்து, துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லிசாகத் தடவுங்கள். இரைப்பை அமிலம் தோலை அரித்துவிடும்.

"சிவந்திருக்குதுங், சீழ் மாதிரி இருக்குதுங்"

டியூபைச் சுற்றி ஒரு நெல்மணி நீளத்துக்கும் குறைவாக இளஞ்சிவப்பு வளையம் இருப்பது, கொஞ்சம் தெளிந்த நீர் காய்ந்து பொருக்காக ஒட்டுவது இரண்டும் புண் ஆறுகிற வழிதான். சிவப்பு நாளுக்கு நாள் பரவுகிறதா என்று தெரிய, அதன் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால், சூடாக வீங்கியிருந்தால், மஞ்சள் சீழும் வாடையும் வந்தால், காய்ச்சல் வந்தால், அன்றே காட்டுங்கள். டியூப் வைப்பதற்குச் சற்று முன் ஒரு டோஸ் ஆன்டிபயாடிக் ஊசி போடுவது இந்தத் தொற்றைக் குறைக்கத்தான்; ஆனாலும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு வந்துவிடுகிறது.

சுத்தம் செய்வது எளிது. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, தினமும் ஒரு தடவை கொதித்து ஆறிய தண்ணீரிலோ சலைனிலோ காஸை நனைத்து, டியூபின் அடியிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, நன்றாக ஒற்றி உலர்த்துங்கள். புண் ஆறிய பிறகு சாதாரண சோப்பும் தண்ணீரும் போதும். முதல் நாட்களில் போர் தண்ணீரை நேராகப் பயன்படுத்த வேண்டாம். தறி ஓடுகிற வீடுகளில் பஞ்சுத் தூசி எங்கும் பறக்கும். தறிச் சத்தம் நின்ற பிறகு, உள் அறையில் வைத்து டிரெஸ்ஸிங் செய்யுங்கள்.

மஞ்சள், வேப்பிலை அரைத்தது, தேங்காய் எண்ணெய், முகப் பவுடர் எதுவும் அங்கே வேண்டாம். ஒரு வீட்டில் ஆத்தா ஒருவர் கோயிலில் மந்திரித்து வாங்கி வந்த திருநீறைப் பேரனுடைய வயிற்றுத் துளையின் மேலேயே அன்போடு வைத்துவிட்டார். "நெத்தியில வையுங்க ஆத்தா, இங்க மட்டும் வேண்டாங்" என்றேன். சரி சாமி என்று உடனே ஒத்துக்கொண்டார். பெரியவர்களிடம் காரணத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். இது வயிற்றுக்குள் திறந்திருக்கிற வாசல், தூள் உள்ளே இறங்கிவிடும் என்றால் போதும்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, துளையின் ஓரத்தில் சிவந்த, ஈரமான சதை சின்ன மொட்டு மாதிரி வளர்வது உண்டு. தொட்டால் ரத்தம் வரும். கட்டி இல்லை, புற்றுநோயும் இல்லை. அடுத்த தடவை போகும்போது காட்டினால் போதும்.

"டியூப் கையோட வந்துருச்சுங்"

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் மாதத்தில் உயிருக்கு ஆபத்தானது இதுதான்.

ஒரு பெரியவர், பக்கவாதம், கொஞ்சம் மனக்குழப்பமும் உண்டு. ஒன்பதாம் நாள் சாயங்காலம் டியூபை இழுத்துவிட்டார். மகன் பதறிப்போய், டியூபைக் கழுவி, அதே துளைக்குள் தள்ளிவிட்டார். நுழைந்துவிட்டது. அதனால் சரியாகிவிட்டது என்று நம்பி இரவுப் பாலை ஊற்றினார்கள். விடியற்காலை வயிறு விறைத்துக் காய்ச்சலோடு கொண்டு வந்தார்கள். பிழைத்தார். ஆனால் ஆபரேஷன், மூன்று வாரம் ஆஸ்பத்திரி. டியூப் உள்ளே நுழைந்தால் இரைப்பைக்குள் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. இரைப்பை அதற்குள் சுவரை விட்டு விலகிப் போயிருக்கும்.

எனவே நான்கு வாரத்துக்குள் வெளியே வந்தால்:

வெளியே வந்த டியூபை மறுபடி நுழைக்காதீர்கள். யூரின் டியூபை நுழைத்துப் பார்க்கலாம் என்று பக்கத்து கிளினிக்கில் யாராவது சொன்னாலும், இந்த முதல் மாதத்தில் மறுத்துவிடுங்கள். துளையின் மேல் சுத்தமான காஸ் வைத்து ஒட்டுங்கள். வாய் வழியாகவும் எதுவும் தராதீர்கள். மணி எத்தனை என்று குறித்துக்கொண்டு, டியூபை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். இரவு இரண்டு மணியானாலும் விடியட்டும் என்று உட்கார வேண்டாம்.

புது டியூப் வைத்த பிறகும், அது இரைப்பைக்குள்தான் இருக்கிறது என்று மருந்து விட்டு எக்ஸ்ரே எடுத்தோ எண்டோஸ்கோப்பியிலோ உறுதி செய்த பிறகுதான் ஊற்ற வேண்டும். "பார்த்தாச்சுங்களா?" என்று கேட்பது உங்கள் உரிமை.

நான்கு வாரத்துக்குப் பிறகு நன்றாகப் பிடித்த துளை என்றால் ஆபத்து குறைவு. ஆனால் சில மணி நேரத்திலேயே துளை சுருங்கிவிடும். அதனால் அப்போதும் உடனே போக வேண்டும்.

இன்சுலின் போடுபவர்கள் வீட்டில் இன்னொன்று. ஊசி போட்டாகிவிட்டது, டியூப் வந்துவிட்டது, சாப்பாடு போகாது என்றால் சர்க்கரை கடகடவென்று இறங்கும். குளுக்கோமீட்டரில் பாருங்கள், வழியிலும் பாருங்கள். விழுங்க முடியாதவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். 108ல் வருபவரிடம் முதல் வார்த்தையாக "இன்சுலின் போட்டிருக்குங்" என்று சொல்லுங்கள். எந்தக் காரணத்துக்காக உணவை நிறுத்தினாலும் இன்சுலின் அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் போட வேண்டும்.

இழுக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி? டியூபின் நுனியைச் சுருட்டி வயிற்றிலேயே பிளாஸ்டரால் ஒட்டி, மேலே வயிற்று பெல்ட்டோ பழைய பருத்தி வேட்டித் துணியோ தளர்வாகச் சுற்றி, அதன் மேல் பனியன் போட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாதது கைக்கு ஞாபகம் வராது. பெட்ஷீட் மாற்றும்போதும், நாற்காலிக்குத் தூக்கி உட்கார வைக்கும்போதும்தான் அதிகம் இழுபடுகிறது. தூக்குவதற்கு முன் ஒருவர் டியூபைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"அடைச்சுக்கிச்சுங்"

நம்ம பக்கம் சொட்டுநீர் போட்ட தோட்டக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உரம் விட்ட பிறகு வெறும் தண்ணீர் ஓட்டாவிட்டால் துளை அடைக்கும். வடிகட்டி இல்லாவிட்டாலும் அடைக்கும். டியூபும் அதேதான்.

அடைத்துவிட்டால் முதலில் க்ளாம்ப் மூடியிருக்கிறதா, எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் 50 மில்லி சிரிஞ்சால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வந்தால் நல்லது. பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் விட்டு, தள்ளாமல் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். கால் மணி நேரம் மூடி வைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். இரண்டு மூன்று முறையில் விடவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான். சின்ன சிரிஞ்சு எடுக்காதீர்கள். சிரிஞ்சு சிறிதாக ஆக அழுத்தம் கூடும், டியூப் வெடிக்கும். கம்பி, குச்சி எதுவும் நுழைக்கக் கூடாது. கோலா பானங்கள் விடச் சொல்வார்கள். அதிலுள்ள அமிலம் பாலைத் திரித்து அடைப்பை இறுக்கத்தான் செய்யும். தள்ளும்போது வலி வந்தால் அடைப்பை மறந்துவிடுங்கள், அது "வயிறு வலிக்குதுங்கறாரு" என்ற தலைப்பில் சொன்ன விஷயம்.

அடைக்காமல் இருக்க, ஒவ்வொரு முறை உணவுக்கும் முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். இதயம், சிறுநீரகக் கோளாறு இருந்து தண்ணீர் அளவு வைத்திருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ராகிக் கூழ் அடுப்பில் தண்ணீராக இருக்கும், ஆறியதும் களியாக இறுகும். அது டியூபுக்குள்ளும் இறுகும். வீட்டில் தயாரிக்கிற எதையும் ஆறிய பிறகு எப்படி இருக்கிறது என்று பார்த்து, மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றுங்கள்.

மாத்திரைகள்தான் பெரிய குற்றவாளி. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு இடிக்காதீர்கள். ஒவ்வொன்றாகப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, நடுவில் 10, 15 மில்லி தண்ணீர் விடுங்கள். அட்டையில் எஸ்ஆர், எக்ஸ்ஆர், சிஆர் என்று போட்ட, மெதுவாகக் கரைகிற மாத்திரைகளையும், குடலில் கரைவதற்காகப் பூச்சுப் பூசிய பேன்டோபிரசோல் போன்றவற்றையும் பொடிக்கவே கூடாது. பதிலுக்கு வேறு எழுதித் தரச் சொல்லுங்கள். வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் சாப்பிடுபவர் என்றால், உணவோடு சேர்ந்தால் அந்த மருந்து உடம்பில் சேர்வது குறையும். உணவுக்கும் அதற்கும் ஒன்று முதல் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். டியூப் வைத்த பிறகு வலிப்பு திரும்பி வந்தால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

"வாந்தி எடுக்கறாரு, ஊத்துனா இருமறாரு"

டியூப் வைத்துவிட்டால் புரையேறாது என்று நினைக்கிறார்கள். இரைப்பையிலிருந்து மேலே வந்தாலும், எச்சில் இறங்கினாலும் நுரையீரலுக்குப் போகும். ஊற்றும்போதும், ஊற்றி ஒரு மணி நேரம் வரையிலும் முதுகு 30 முதல் 45 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். தலைக்கு இரண்டு தலையணை வைத்தால் கழுத்துதான் மடங்கும். இடுப்பிலிருந்து உயர வேண்டும். தலைப்பக்கம் தூக்குகிற கட்டில் வாடகைக்குக் கிடைக்கிறது. கொஞ்ச நாளைக்காவது எடுங்கள்.

ஒரு வேளைக்கு 200, 250 மில்லி, சிரிஞ்சின் உலக்கையை எடுத்துவிட்டு, தானாக இறங்கும்படி 20 முதல் 30 நிமிடம். வேலைக்குப் போகிற அவசரத்தில் ஐந்து நிமிடத்தில் தள்ளுவதுதான் பல வாந்திகளுக்குக் காரணம்.

எல்லாம் சரியாகச் செய்தும் வாந்தி நிற்கவில்லை என்றால் அந்த எண்ணைப் பாருங்கள். தட்டு தளர்ந்து டியூப் உள்ளே போயிருந்தால், உள்தொப்பி இரைப்பையின் வாசலை அடைத்துக்கொள்ளும். வாந்திக்குப் பிறகு மூச்சு வாங்கினாலோ, ஒன்றிரண்டு நாளில் காய்ச்சலும் சளியும் வந்தாலோ நெஞ்சைப் பரிசோதிக்க வேண்டும்.

"வயித்தால போகுதுங்"

டியூப் மேல் பழி போடுவதற்கு முன் பாத்திரத்தைப் பாருங்கள். சித்திரை வெயிலில் கரூரிலும் தாராபுரத்திலும் அரைத்த கஞ்சி வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சிரிஞ்சைக் கழுவி உலர்த்த வேண்டும். ஆன்டிபயாடிக், சார்பிட்டால் கலந்த சிரப் மருந்துகள், வேகம் இவையும் காரணம். ஊற்றியது ஊற்றியபடியே கொஞ்ச நேரத்தில் மலத்தில் வந்தாலோ, டியூபில் மல வாடை அடித்தாலோ நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். அபூர்வமாகப் பெருங்குடல் துளையின் வழியில் மாட்டியிருக்கும்.

"டியூப் நகர மாட்டேங்குதுங்"

புண் உலர்ந்து, ஒரு வாரம் பத்து நாள் கழிந்த பிறகு, ஆஸ்பத்திரியில் காட்டிக்கொடுத்தபடி வாரம் ஒரு தடவையாவது தட்டைத் தளர்த்தி, டியூபை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, சுழற்றி, பழைய எண்ணுக்கே கொண்டு வந்து வைக்க வேண்டும். செய்யாவிட்டால் உள்தொப்பி இரைப்பைச் சுவருக்குள் புதைந்துவிடும். நகரவே மறுத்தால் பலம் காட்டாதீர்கள், காட்டிவிட்டு வாருங்கள். டியூப் குடல் வரை போகிற வகை என்றால் சுழற்றவே கூடாது.

"சாப்பாடு ஏறுது, ஆனா ஆளு சோர்ந்துட்டே போறாரு"

இரண்டு மூன்று வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருந்தவருக்குத் திடீரென்று நிறைய ஊற்றினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் சரிந்துவிடும். கால் வீக்கம், மூச்சு வாங்குதல், படபடப்பு, குழப்பம் வரும். "நல்லா ஊத்தித் தேத்திரலாம்" என்ற பாசம்தான் இதில் எதிரி. முதல் வாரம் உணவியலாளர் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். இந்த அறிகுறி வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை.

"ஒரு வாய் காப்பி கேக்கறாருங்"

இதைக் கேட்டுவிட்டு மகள்கள் போனிலேயே அழுதுவிடுகிறார்கள். சிலர் அழுகையைத் தாங்க முடியாமல் கொடுத்தும் விடுகிறார்கள், இரண்டு நாளில் நெஞ்சுச் சளியோடு வருகிறார்கள். கேட்பது நல்ல அறிகுறி. விழுங்கும் திறன் திரும்பி வருகிறதா என்று பார்க்கிற பேச்சு, விழுங்கல் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குச் சில வாரத்தில் திரும்புகிறது. அதுவரை தினமும் இரண்டு வேளை பல் துலக்கி, ஈறும் நாக்கும் துடைத்துவிடுங்கள். வாயில் கிருமி குறைந்தால் எச்சில் இறங்கினாலும் நிமோனியா வருவது குறையும். உதடு வெடிக்காமல் கொஞ்சம் வெண்ணெய் தடவிவிடுங்கள். காப்பி வாசம் வருகிற நேரத்தில் அவரைத் தனி அறையில் விட்டுவிடாமல், திண்ணைக்குச் சக்கர நாற்காலியில் கொண்டு வந்து உங்களோடு உட்கார வையுங்கள். அந்த நேரத்துக்கே அவருக்கும் டியூபில் ஊற்றினால், வீட்டோடு சேர்ந்து சாப்பிட்ட மாதிரி இருக்கும் அவருக்கு.